407 வண்டிக்குத் தளப்பலகை மாற்றக் கொடுத்து ஏமாந்தோம்: பலகை பூட்டுவதற்கு முன்பே நேரில் போய்ப் பாருங்கள்

எங்களுடைய 2004-ஆம் ஆண்டு டாடா 407 வண்டிக்குத் தளப்பலகை மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டு, நாமக்கல் சுற்றுவட்டாரத்துப் பட்டறை ஒன்று எங்களிடம் 38,000 ரூபாய் வாங்கியது. சொன்ன மரத்தையும் போடவில்லை, சொன்ன கனத்திலும் போடவில்லை, கழற்றிய பழைய பலகைகளையும் திருப்பித் தரவில்லை. பணம் போனதோடு முடிந்திருந்தால் இவ்வளவு விரிவாக எழுதியிருக்க மாட்டேன். வேலை முடிந்த நான்காம் மாதம் அந்தப் பலகை முறிந்து, பத்து ஆண்டுகளுக்கும் மேலாக எங்கள் வண்டிக்குச் சுமை ஏற்றிவரும் அண்ணன் ஒருவரின் கால் முழங்கால் வரை தளத்துக்குள் இறங்கிவிட்டது. பழைய மரப் பாடி வண்டி வைத்திருப்பவர்கள் யாரும் இதே இடத்தில் சிக்கிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

எங்கள் வண்டி பெரும்பாலும் மரவள்ளிக் கிழங்கு ஏற்றும் வண்டி. ராசிபுரம், ஆத்தூர்ப் பக்கத்துச் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளுக்குக் கிழங்கு கொண்டுபோகிறவர்களுக்குத் தெரியும், கிழங்கு வண்டியில் ஏறும்போது அதோடு ஈரமண்ணும் ஏறும். அந்த மண் பலகைகளுக்கு இடையிலுள்ள சந்துகளில் புகுந்து ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால், பலகையின் நடுப்பகுதி நன்றாக இருக்கும்போதே ஓரங்கள் மக்கத் தொடங்கிவிடும். அப்பா வண்டி வாங்கிய காலத்தில் வைரம் பாய்ந்த, அதாவது மரத்தின் நடுவிலுள்ள கெட்டிப் பகுதியில் அறுத்த, வேங்கைப் பலகையாகத் தேடிப் போட்டிருந்ததால் எங்கள் தளம் 19 ஆண்டுகள் தாங்கியது. 2023-இல் எப்.சி. என்னும் வண்டித் தகுதிச் சான்றுப் பரிசோதனைக்குப் போவதற்கு முன் பார்த்தபோது, பன்னிரண்டு பலகைகளில் மூன்று மட்டுமே மக்கியிருந்தன. அந்த மூன்றை மட்டும் மாற்றியிருந்தாலே போதும் என்று இப்போது தெரிகிறது.

பட்டறைக்காரர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, எல்லாப் பலகையும் உளுத்துப்போய்விட்டது, மூன்றை மாற்றினால் மற்றவை ஆறு மாதத்தில் போய்விடும், மொத்தமாக மாற்றுவதுதான் நல்லது என்றார். வேங்கை மரம், ஒன்றேகால் அங்குலக் கனம், காய்ந்த கட்டை என்று வாயால் சொன்னவர், துண்டுச் சீட்டில் "மரம் 9 கன அடி, கன அடி 2,600 வீதம் 23,400, கூலி, போல்ட், பெயின்ட் 14,600" என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். மரத்தின் பெயரும் பலகையின் கனமும் அந்தச் சீட்டில் இல்லை. அதை நான் கேட்டு வாங்காததுதான் பின்னால் எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்தது. வேலை நடந்த ஐந்து நாட்களும் கைப்பேசியில் படங்கள் வந்துகொண்டிருந்தன. செந்நிறப் பலகைகள் அடுக்கி வைத்திருந்த படத்தைப் பார்த்து நாங்கள் மனநிறைவோடு இருந்தோம். அந்தப் படம் எங்கள் வண்டிக்கான மரத்தின் படமே அல்ல என்பதைப் பின்னர் அங்கே வேலை செய்த ஒருவரே சொன்னார்.

மூன்றாவது வாரமே பலகைகளுக்கு இடையில் சந்து விழத் தொடங்கியது. முதலில் ஒரு ரூபாய் நாணயம் நிற்குமளவுக்கு இருந்த இடைவெளி, மழை இல்லாத அந்த நாட்களில் விரல் நுனி நுழையுமளவுக்கு அகன்றது. ஓரத்துப் பலகைகள் இரண்டு ஓடு போல வளைந்து போல்ட்டின் தலையை மேலே தூக்கின. தொலைபேசியில் கேட்டபோது, "புது மரம்னா அப்படித்தானுங்க, ரெண்டு லோடு ஏத்துனா படிஞ்சுக்கும்" என்றார். நானும் நம்பிவிட்டேன். உண்மையில் அது பச்சை மரம். ஈரத்தோடு பூட்டிய பலகை காயும்போது நீளவாக்கில் ஏறக்குறைய அப்படியே இருக்கும், அகலவாக்கில்தான் சுருங்கும். ஆறு அங்குல அகலப் பலகை நூற்றுக்கு ஐந்து பங்கு சுருங்கினாலே கால் அங்குலத்துக்கு மேல் சந்து விழும் என்பதைச் சொல்ல ஆசாரி வேண்டியதில்லை, கணக்குப் போட்டாலே தெரியும். இரண்டு முள் உள்ள ஈரமானி ஒன்று கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிறது. நம் பக்கத்துக்கு 12 முதல் 15 விழுக்காட்டுக்குள் ஈரம் இருக்கும் மரமே பூட்டத் தக்கது. நான் கருவியை இரவல் வாங்கி அடிப்பக்கத்தில் குத்திப் பார்த்தபோது வேலை முடிந்து ஒரு மாதம் ஆகியும் 24 காட்டியது. அப்போதே வண்டியை நிறுத்தியிருக்க வேண்டும். கிழங்கு அறுவடை தொடங்கும் நேரம் என்று தள்ளிப்போட்டேன், அந்தத் தவறு என்னுடையது.

நவம்பரில் ஒரு நாள் காலை, அரை வண்டி ஏற்றியிருந்த நேரத்தில், தலையில் மூட்டையோடு தளத்தில் நடந்த அண்ணனின் காலடியில் பலகை முறிந்தது. மூட்டை ஒரு பக்கம் விழ, அவர் கால் தளத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கியது. முறிந்த பலகையின் சிலாம்புகள் முழங்காலிலிருந்து கணுக்கால் வரை தோலைச் சீவிவிட்டன. எலும்பு முறியவில்லை. பன்னிரண்டு தையல் போட்டார்கள், ஒரு மாதத்துக்கு மேல் அவரால் வேலைக்கு வர இயலவில்லை. மருத்துவச் செலவையும் அந்த நாட்களின் கூலியையும் நாங்கள் கொடுத்தோம். ஆனாலும் அன்று அவர் தளத்தில் சிக்கிக்கொண்டு காலை வெளியே எடுக்க முடியாமல் நின்ற நிலையை என்னால் மறக்க முடியவில்லை.

முறிந்த பலகையைக் கையில் எடுத்துப் பார்த்தபோதுதான் எல்லாம் வெளிச்சமானது. மேலே ஒரு மெல்லிய படலம் செம்பழுப்புச் சாயம். அதன் கீழே நகத்தால் கீறினாலே வெளிறிய கட்டை. முறிவின் ஓரத்தில் ஊசி நுனி அளவுத் துளைகள், தட்டினால் மாவு போல உதிரும் தூள். வைரமில்லாத வெள்ளைப் பகுதியையும் சேர்த்து அறுத்த பலகை என்பதற்கு இதைவிட வேறு அடையாளம் வேண்டாம், ஏனெனில் இப்படி மரத்தைத் துளைத்து மாவாக்கும் வண்டு வெள்ளைப் பகுதியைத்தான் தேடிப் பிடிக்கும். அளவுகோல் வைத்துப் பார்த்தால் கனம் ஒன்றேகால் அங்குலம் இல்லை, சரியாக ஓர் அங்குலம்.

கால் அங்குலம்தானே என்று நினைக்கலாம். பலகை வளைந்து முறியாமல் தாங்கும் வலு அதன் கனத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒன்றேகாலை ஒன்றாகக் குறைத்தால் வலு நூற்றுக்கு 64 ஆகிவிடும். ஐந்தில் ஒரு பங்கு மரத்தைத் திருடியவர் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான வலுவைத் திருடியிருக்கிறார். இதோடு நிற்கவில்லை. பழைய தளத்தின் கீழே ஏழு குறுக்குக் கட்டைகள் இருபது அங்குலத்துக்கு ஒன்றாக இருந்தன. வண்டியின் அடியில் படுத்துப் பார்த்தபோது ஐந்துதான் இருந்தன. இடைவெளி முப்பது அங்குலமாகியிருந்தது. இடைவெளி கூடிய அளவுக்கு நடுவில் மிதிப்பவரின் பாரத்தைத் தாங்கும் வலு குறையும். இரண்டையும் சேர்த்துப் பெருக்கினால், மரம் ஒரே தரமாக இருந்திருந்தால்கூட, பழைய தளத்தின் வலுவில் பாதிகூடத் தேறவில்லை. அதற்கு மேல், யூ போல்ட் போட்டு இறுக்க வேண்டிய இரண்டு இடங்களில், வண்டியின் அடிச்சட்டமான சேஸிலேயே வெல்டிங் வைத்திருந்தார்கள். சேஸில் வெல்டிங் வைக்கக் கூடாது என்பது வண்டி செய்யும் நிறுவனங்கள் எல்லாம் சொல்வது, பட்டறைக்காரர்களுக்குத் தெரியாததல்ல. பலகைகளின் அடிப்பக்கத்தில் ஒரு கைப் பெயின்ட்கூட இல்லை.

கன அடிக் கணக்கையும் அன்றுதான் போட்டுப் பார்த்தேன். எங்கள் தளம் பத்தடி நீளம், ஆறடி அகலம், ஆக 60 சதுர அடி. ஒன்றேகால் அங்குலக் கனத்துக்கு 6.25 கன அடி. சேதாரம் சேர்த்தாலும் 7-ஐத் தாண்டாது. அவர்கள் எழுதியது 9, உண்மையில் வண்டியில் இருந்தது ஓரங்குலக் கணக்கில் 5. நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கி, அதைக் கனத்தின் அங்குலத்தால் பெருக்கி, பன்னிரண்டால் வகுத்தால் கன அடி வந்துவிடும். சீட்டு கையில் வாங்கிய அன்றே ஒரு நிமிடத்தில் முடித்திருக்க வேண்டிய கணக்கு இது.

அது வேங்கை அல்ல என்பதை எங்கள் ஊரில் வண்டிச்சக்கர வேலை பார்த்த பெரியவர் ஒருவர்தான் உறுதிப்படுத்தினார். அப்பா போட்ட பழைய பலகையின் துண்டு ஒன்று மாட்டுத்தொட்டி மூடியாக வீட்டில் கிடந்தது. அதிலும் முறிந்த பலகையிலும் தனித்தனியே சீவல் எடுத்து, இரண்டு கண்ணாடி டம்ளர்களில் தண்ணீர் ஊற்றி இரவு முழுவதும் ஊறவைக்கச் சொன்னார். காலை வெயிலில் திண்ணையில் வைத்துப் பார்த்தபோது, பழைய மரம் ஊறிய தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தாலும் பக்கவாட்டில் பார்க்கையில் மயில் கழுத்துப் போல ஒரு நீலம் மினுங்கியது. மற்றதில் வெறும் சாயத் தண்ணீர். "வேங்கைன்னா இந்த நீலம் காட்டோணும் தம்பி, இது தைலமரம்" என்றார். வேங்கைக் குவளையில் தண்ணீர் ஊற்றி வைத்துக் குடிப்பவர்கள் வீட்டில் இந்த நீலத்தை எல்லாரும் பார்த்திருப்பார்கள், எனக்குத்தான் தோன்றவில்லை. தைலமரம் காயும்போது வெடித்து முறுக்கிக்கொள்ளும், பச்சையாகப் பூட்டினால் கேட்கவே வேண்டாம்.

பட்டறைக்குப் போய்ப் பலகையைக் காட்டியபோது, "மரம்னா முறியறதுதானுங்க, ஓவர்லோடு ஏத்தியிருப்பீங்க" என்ற பதில்தான் வந்தது. எடைமேடைச் சீட்டுகளைக் காட்டினேன், பார்க்க மறுத்தார். பழைய பலகைகளைக் கேட்டதற்கு, விறகுக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார். மக்காத ஒன்பது வேங்கைப் பலகைகளை யாரும் விறகுக்குப் போட மாட்டார்கள். வண்டி விடுவதற்கு முன் நாங்கள் எடுத்த படங்களில் அவை ஒவ்வொன்றும் தெளிவாக இருக்கின்றன. எங்களுக்கு நேர்ந்த இழப்பில் பெரியது அதுதான் என்று அப்பா இன்றும் சொல்கிறார்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம், அது நிலுவையில் இருப்பதால் பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை. வாடகைக்கு ஓடும் வண்டி என்பதால் நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்று சிலர் எங்களைத் தயங்க வைத்தார்கள். சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கு மட்டுமே பயன்படுத்துவது வணிக நோக்கத்தில் சேராது என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டமே விளக்கம் தருகிறது. புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும், கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. எங்களுக்கு இருக்கும் பெரிய குறை, மரத்தின் பெயர் இல்லாத அந்தத் துண்டுச் சீட்டு. முறிந்த பலகையையும் மற்ற பதினொன்றையும் சாட்சிக்காக மாட்டுக்கொட்டகையில் அடுக்கி வைத்திருக்கிறோம்.

லாரி பாடி கட்டுவதில் நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் இருக்கும் பெயர் பல குடும்பங்களின் உழைப்பால் வந்தது. ஒருவர் செய்ததற்கு அத்தனை பேரையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இரண்டாம் முறை அதே பகுதியில்தான் வேறொருவரிடம் வேலை கொடுத்தோம். இம்முறை மரத்தின் பெயர், கனம், கன அடி, குறுக்குக் கட்டைகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் பில்லில் எழுதி வாங்கினோம். அறுவை மில்லுக்கு நானே கூடப் போனேன். சாயமோ பெயின்ட்டோ படுவதற்கு முன் ஒவ்வொரு பலகையையும் இரு பக்கமும் திருப்பிப் பார்த்து, வெள்ளை ஓடிய இரண்டை ஒதுக்கச் சொன்னபோது அவர் முகம் சுளிக்கவில்லை. ஆறு பக்கமும் எண்ணெய் தடவிக் காய்ந்த பிறகே பூட்டினார். வண்டியை எடுக்கப் போன அன்று, வெட்டி மிஞ்சிய துண்டுகளையும் கழற்றிய பழைய போல்ட், நட்டுகளையும் ஒரு சாக்கில் கட்டி, நாங்கள் கேட்காமலேயே முன் சீட்டுக்குக் கீழே வைத்திருந்தார்.