குழந்தையின் தடுப்பூசி: யாருடைய காப்பீட்டில் சேர்ப்பது?

கணவன், மனைவி இருவருக்கும் கலிஃபோர்னியாவில் வேலை. ஒருவருடையது கம்பெனியே பணம் போட்டு நடத்தும் சுயநிதித் திட்டம். மற்றவருடையது காப்பீட்டு நிறுவனத்திடம் கம்பெனி வாங்கிய திட்டம். பிரீமியத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

மருத்துவச் செலவு யார் தலையில்?
சுயநிதி: கம்பெனி. அட்டையில் காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் இருந்தாலும், அது பில்களைப் பார்ப்பதோடு சரி.
வாங்கியது: காப்பீட்டு நிறுவனம்.

தடுப்பூசிக்கு எந்தச் சட்டம்?
சுயநிதி: கம்பெனிகள் ஊழியர்களுக்குத் தரும் சலுகைத் திட்டங்களுக்கான 1974ஆம் ஆண்டின் எரிசா என்ற மத்தியச் சட்டத்தால் மாநிலக் காப்பீட்டு விதிகள் இதைக் கட்டுப்படுத்தாது. எந்தத் தடுப்பூசி யாருக்கு என்று ஆலோசனை சொல்லும் மத்திய அரசின் ஏசிஐபி குழு ஓர் ஊசிக்கான பரிந்துரையை விலக்கிக்கொண்டால், அதைத் தொடர்ந்து இலவசமாகத் தருவது கம்பெனியின் விருப்பம்.
வாங்கியது: கலிஃபோர்னியாவில் எடுத்ததென்றால் 2025 செப்டம்பரில் வந்த ஏபி 144 என்ற மாநிலச் சட்டம் இலவச ஊசியைக் காக்கிறது. 2025 ஜனவரி 1 அன்று இருந்த ஏசிஐபி பரிந்துரைகளே அடிப்படை. பிறந்தவுடன் அந்தச் சின்னத் தொடையில் போடும் ஹெபடைடிஸ் பி ஊசியும் அதில் உண்டு. மாற்றும் அதிகாரம் மாநிலப் பொதுச் சுகாதாரத் துறைக்கு.

கைக்குழந்தை இருந்தால் இரண்டாவதுதான் என் தேர்வு. ஊசிகள் பெரும்பாலும் முடிந்த பிள்ளை, சுயநிதியில் பிரீமியமும் குறைவு என்றால் முதலாவது போதும். அப்புறம், திட்டம் எந்த வகை என்று எச்ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.