விவாகரத்துக் கொப்பி எடுத்துத் தாறன் எண்டு 38,500 ரூபாவைச் சுருட்டிட்டான், யாழ்ப்பாணத்தில இருக்கிற ஆக்கள் வாசியுங்கோ

இப்ப இரவு பதினொண்டரை. நித்திரை வரேல்ல, வயிறு எரியுது, அதுதான் எழுதிறன். பிழை எழுத்து இருந்தால் குறை நினைக்காதேங்கோ. 38,500 ரூபா. சில ஆக்களுக்கு இது ஒரு காசே இல்லை, எனக்கு ரெண்டு மாதம் குனிஞ்ச தலை நிமிராமல் தைச்ச காசு.

எனக்கு 2012 ல யாழ்ப்பாணம் கோட்ஸில விவாகரத்துக் கிடைச்சது. அந்தத் தீர்ப்புக் கொப்பி பெட்டிக்குள்ள இருந்தது, வீடு மாறேக்க எடுத்துப் பாத்தால் கறையான் தின்டு முடிச்சிட்டுது, ஒரு முத்திரையும் என்ர பேரில ரெண்டு எழுத்தும்தான் மிச்சம். வழக்குப் பேசின லோயரும் இப்ப உயிரோட இல்லை. பத்துப் பன்னிரண்டு வருசமா அந்தக் கடுதாசி ஒருத்தருக்கும் தேவைப்படேல்ல. இப்பத்தான் திரும்ப ஒரு இடம் பொருந்தி வந்திருக்கு, அவர் கனடா, லீவில வாற நேரம் எழுத்து, அதுதான் கலியாணப் பதிவு, வைக்கிறதா கதை, எழுத்துக்கு விவாகரத்துக் கொப்பி கட்டாயம் எண்டு சொல்லிட்டினம்.

பிறப்புச் சேர்டிபிக்கட், கலியாணச் சேர்டிபிக்கட் எல்லாம் டி.எஸ். ஒஃபிஸில, அதுதான் பிரதேச செயலகத்தில தானே எடுக்கிறது (அம்மாக்கு அது இன்னும் ஏ.ஜி.ஏ. ஒஃபிஸ்), அப்ப விவாகரத்தும் அங்கதான் எண்டு நினைச்சுப் போனன். லைனில நிண்டு என்ர முறை வந்திட்டுது, கவுண்டரில இருந்த பிள்ளை "என்ன அக்கா வேணும்?" எண்டு கொஞ்சம் சத்தமாக் கேட்டுது. எனக்குப் பின்னால எங்கட ஊர் ஆக்கள் ரெண்டு பேர். வாய் வரேல்ல. "ஒரு ஃபோம்..." எண்டு ஏதோ இழுத்துப்போட்டு வெளியில வந்திட்டன். அண்டைக்கு அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் அரை நிமிசத்தில "இஞ்ச இல்லை, கோட்ஸுக்குப் போங்கோ" எண்டு சொல்லியிருப்பினம், எனக்கு 38,500 ரூபா மிஞ்சியிருக்கும்.

வெளியில ஒரு கடை. போட்டோக் கொப்பி அடிச்சு, ஃபோம் நிரப்பி, பாஸ்போட், காணி உறுதி, சேர்டிபிக்கட் எண்டு எல்லா அலுவலும் பாத்துக் குடுக்கிற வகைக் கடை, இப்பிடி எத்தினையோ இருக்கு, பேர் போடேல்ல, போட்டால் என்ர பேரும் ஊரில இழுபடும். உள்ள இருந்தவனுக்கு முப்பது வயசு வராது. நான் மென்று விழுங்கிறதைப் பாத்திட்டு ரேடியோவைக் குறைச்சான், நிண்ட பெடியனைப் பிளேன்ரீ வாங்க அனுப்பினான், "மெதுவாச் சொல்லுங்கோ அக்கா, இது வெளியில போகாது" எண்டான். ஃபைலில கூட விவாகரத்து எண்டு எழுதேல்ல, "வி." எண்டு மட்டும் எழுதி என்ர முதலெழுத்தைப் போட்டான், ஆர் எடுத்துப் பாத்தாலும் விளங்காதாம். எனக்குக் கண்ணே கலங்கிட்டுது. என்ர சொந்தத் தம்பியே இந்த விசயத்தை இப்பிடிப் பக்குவமாக் கதைச்சதில்லை. அந்த ஒரு "வி." யில தான் நான் விழுந்தனான், சத்தியமாச் சொல்லுறன்.

முதல் 15,000. ஒரு கிழமையில வருமாம். பேந்து பழைய பதிவு, பத்தரமுல்லையில இருக்கிற பதிவாளர் நாயகத்தின்ர ஒஃபிஸுக்கு ஆள் அனுப்பித் தேட வேணும் எண்டு 12,000. கடைசியா வெளிநாட்டுக்கு எண்டபடியால் வெளிநாட்டமைச்சின்ர கொன்சியூலர் சீல் வேணும், அதுக்கு 11,500. கூட்டிப் பாருங்கோ, 38,500. நடுவில எத்தினை சாட்டு! பெரியவர் லீவு, சிஸ்டம் டவுண், சீல் வைக்கிற ஐயாக்கு அந்திரட்டி, அடுத்த கிழமை கட்டாயம் அக்கா, அடுத்த கிழமை கட்டாயம் அக்கா.

ஏழாவது கிழமை குடுத்தான். மேல அரச இலச்சினை, கீழ ஊதா சீல், நடுவில "விவாகரத்துப் பதிவுச் சான்றிதழ்" எண்டு கொட்டை எழுத்து. நான் அதைப் பிளாஸ்டிக் கவரில போட்டு சாமிப்படத்தடியில வைச்சுப்போட்டு அடுத்தநாள் எழுத்துப் பதியிற ஐயாட்டக் கொண்டுபோனன். அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுத் திரும்பவும் போட்டுப் பாத்தார். "பிள்ளை, இப்பிடி ஒரு ஃபோமே இல்லை."

எனக்கு விளங்கேல்ல. பிறகு அவர்தான் சொன்னவர், நாங்கள் பொதுச் சட்டத்தில எழுத்து எழுதின ஆக்கள், எங்களுக்கு விவாகரத்துக் குடுக்கிறது மாவட்ட நீதிமன்றம், அந்தத் தீர்ப்புத்தான் சேர்டிபிக்கட், அதுக்கு மேல டி.எஸ். ஒஃபிஸ் ஒரு கடுதாசியும் தராது எண்டு. கண்டியச் சட்டத்தில கட்டின சிங்கள ஆக்களுக்குத்தான் மாவட்டப் பதிவாளரிட்ட விவாகரத்துப் பதிவு இருக்காம், முஸ்லிம் ஆக்களுக்குக் காதி நீதிமன்றம். தீர்ப்பிலயும் ரெண்டு இருக்காம், முதல் வாற டிக்ரி நைசை, அது இடைக்காலத் தீர்ப்பு, அது காணாது, குறைஞ்சது மூண்டு மாதம் கழிச்சு வாற அப்சொலூட், அதுதான் முடிவான தீர்ப்பு, கையில இருக்கோணும், அது இல்லாமல் மறுகலியாணம் ஏலாது. பேந்து ஃபோனில கலண்டரைத் தட்டினார். என்ர "சான்றிதழில" தீர்ப்புத் திகதி 2012.09.09. ஞாயிற்றுக்கிழமை! எந்தக் கோட்ஸ் ஞாயிற்றுக்கிழமை திறக்கிறது? "இதை எம்பசிக்குக் குடுத்திடாதையும் பிள்ளை, பொய்க் கடுதாசி எண்டு பிடிச்சால் கனடாக்காரன் 5 வருசத்துக்குத் தடை போடுவான்" எண்டார். கால் ரெண்டும் பஞ்சாப் போச்சு.

நேராக் கடைக்குப் போனன். பெடியன் சொல்லுறான் "அண்ணை சாப்பிடப் போட்டார்". உள்ளறை வாசலில அவன்ர செருப்பு கிடக்குது, இடதுகாலில நீல நூலால தைச்ச செருப்பு, ரெண்டு மாதமா நான் பாத்துக்கொண்டு இருந்த செருப்பு. அரை மணித்தியாலம் அந்தச் செருப்பைப் பாத்துக்கொண்டு நிண்டன். ஆள் வரேல்ல. நாலாந்தரம் போகேக்க ஆம்பிட்டான். என்ன சொன்னவன் தெரியுமோ? "அக்கா, எடுத்துத் தாறன் எண்டு சொன்னனான், தந்திட்டன். ஒறிஜினல் எண்டு சொன்னனானோ?" அந்த மெதுவான குரல் எங்க போச்சோ தெரியாது, இப்ப ரோட்டில போறவனுக்கும் கேக்கிற மாதிரி "உங்கட விவாகரத்துப் பிரச்சினைக்கு நான் என்ன செய்யிறது" எண்டு கத்தினான். அதோட நான் வாயடைச்சுப்போவன் எண்டு அவனுக்கு வடிவாத் தெரியும். அடைச்சுத்தான் போனன்.

பொலிசில கேட்ட முதல் கேள்வி "துண்டு இருக்கோ?" காசு குடுத்ததுக்கான ரசீதைத்தான் கேட்டவை. இல்லை. 12,000 மட்டும்தான் பாங்கில போட்டது, அந்த சிலிப் இருக்கு, எக்கவுண்ட் வேற ஆற்றையோ பேரில. முறைப்பாடு எடுத்திருக்கினம், "கூப்பிடுவம்" எண்டினம். இன்னும் கூப்பிடேல்ல.

கோட்ஸ் ரெஜிஸ்ட்ரியில கேக்கிறதுக்கு ஒரு சதமும் எடுக்கேல்ல. வழக்கு நம்பர் இருந்தால் லேசு, இல்லாட்டி ரெண்டு பேற்றை முழுப்பேரும் வருசமும் குடுத்துப் பழைய புத்தகத்தில தேடோணும். ஒரு லோயரைப் பிடிச்சு மோஷன், அதுதான் கோட்ஸுக்கு விண்ணப்பம், போட்டு, அத்தாட்சிப்படுத்தின கொப்பி கேக்கோணும். போட்டாச்சு. அங்க இருந்த அம்மாவிட்ட "விவாகரத்து" எண்டு சொல்லேக்க அவ நிமிந்துகூடப் பாக்கேல்ல, "எந்த வருசம்?" எண்டு மட்டும் கேட்டா.

எப்பிடி எப்பிடி எடுக்கிறது எண்டு விபரமா எழுதுவம் எண்டுதான் தொடங்கினனான், இப்ப ஏலாது, தலை இடிக்குது. துண்டு இல்லாமல் காசு குடுக்காதேங்கோ. வேற பேரில இருக்கிற எக்கவுண்டுக்குப் போடாதேங்கோ. ஐடென்ரிக் கொப்பியைக் கண்ட கடையில விட்டிட்டு வராதேங்கோ, என்ரது இன்னும் அவனிட்டக் கிடக்கு. கவுண்டரில கூச்சப்படாமல் கேளுங்கோ, சத்தமாக் கேட்டாலும் பறவாயில்லை. மிச்சத்தைக் கொப்பி கையில வந்தாப்பிறகு எழுதிறன்.

இப்பத்தான் பாத்தன், வட்ஸ்அப்பில என்னைப் புளொக் பண்ணியிருக்கிறான்.