எக்செனடைட் பேனா ஊசி, ஆறு மாசம் போட்டுக்கிட்ட அனுபவம்

சுகருக்கு மாத்திரை மட்டும் போதலன்னு டாக்டர் எக்செனடைட் எழுதிக் கொடுத்து ஆறு மாசம் ஆகுது. இது இன்சுலின் இல்லங்க, ஊசின்னாலே இன்சுலின்னு பலரும் நெனச்சுக்கறாங்க. காலைலயும் சாயங்காலமும் சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு மணி நேரத்துக்குள்ள போடணும், சாப்பிட்டப்புறம் போடக் கூடாது. முதல் மாசம் 5 மைக்ரோகிராம், அப்புறம் 10.

பேனா நல்லாவே இருக்கு. பட்டனை அழுத்திப் புடிச்சுக்கிட்டு மெதுவா அஞ்சு எண்ணணும், அவசரப்பட்டு எடுத்தா மருந்து முழுசா உள்ள போகாது. ஊசிய மாட்டினபடியே ஒரு ராத்திரி வச்சுட்டேன், காலைல பாத்தா உள்ள குமிழி குமிழியா காத்து, கொஞ்சம் மருந்து வேற ஒழுகியிருந்துச்சு. அதனால ஒவ்வொரு தடவையும் ஊசிய கழட்டிடுங்க. ஆரம்பிச்சு 30 நாள் ஆச்சுன்னா மிச்சம் இருந்தாலும் அந்தப் பேனாவ தூக்கிப் போட்டுடணும்.

இந்த மருந்து எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரிஞ்சப்போதான் எனக்கு இது மேல பெரிய மரியாதையே வந்துச்சு. ஹீலா மான்ஸ்டர்னு ஒரு விஷப்பல்லி, அமெரிக்காவோட தென்மேற்குலயும் மெக்சிகோலயும் பாலைவனத்துல இருக்கு, அரை மீட்டர் நீளம், உடம்பெல்லாம் கருப்பும் ஆரஞ்சும் மணி கோத்த மாதிரி தோல், வருஷத்துல சில தடவதான் வயிறு நெறைய சாப்பிடும், மிச்ச நாளெல்லாம் வாலுல சேத்து வச்ச கொழுப்புல ஓட்டும். அதோட விஷத்த ஆராஞ்ச ஜான் எங் அப்படிங்கற டாக்டர் 1992ல அதுல இருக்கற எக்செண்டின்-4ங்கற பொருள வெளிய சொன்னாரு, நான் போடற எக்செனடைட் அதோட லேப் நகல்தான். நாம சாப்பிட்டதும் குடல்லேர்ந்து ஜிஎல்பி-1னு ஒரு ஹார்மோன் வந்து இன்சுலின் சுரக்க வைக்கும், ஆனா ரெண்டு நிமிஷத்துல பாதி ஒடஞ்சு போயிடும், அத மருந்தா குடுத்து எப்படி நிக்க வைக்கறது? பல்லியோடது பாதிக்கு மேல அதே மாதிரி அமைப்பு, வேலையும் அதேதான், ஆனா நம்ம உடம்பு என்சைமால அத லேசுல வெட்ட முடியல, அதனால மணிக்கணக்குல நிக்குது. 2005ல அமெரிக்காவுல அனுமதி கெடச்சுச்சு.

"அப்பா, அப்போ பல்லியப் புடிச்சு கொல்றாங்களா?"ன்னு பொண்ணு கேட்டா. இல்லம்மா, லேப்லயே 39 அமினோ அமிலத்த ஒண்ணொண்ணா கோத்து செய்யறாங்கன்னு சொன்னதும்தான் அவ முகம் தெளிஞ்சுது. பிபிக்குக் குடுக்கற கேப்டோப்ரிலும் பிரேசில்ல இருக்கற ஜராராக்கா விரியனோட விஷத்துலேர்ந்து கெடச்ச துப்புதான். அந்தக் காடும் பாலைவனமும் அழிஞ்சா இன்னும் யாரும் தொறந்தே பாக்காத எத்தன மருந்து சேந்து போகும், நெனச்சாலே வயிறு எரியுது.

குறைன்னா குமட்டல்தான். முதல் மூணு வாரம் ரொம்ப படுத்துச்சு, கொஞ்சமா மெதுவா சாப்பிட்டு வயிறு நெறஞ்சதும் நிறுத்துனதுல கொறஞ்சுது. வயித்து வலி கடுமையா வந்து விடாம இருந்துச்சுன்னா மருந்த நிறுத்திட்டு உடனே டாக்டர பாருங்க, கணையத்துல வீக்கமா இருக்கலாம். கூட சல்ஃபோனைல்யூரியா (இன்சுலின அதிகமா சுரக்க வைக்கற சுகர் மாத்திரை வகை) எடுக்கறவங்களுக்கு லோ சுகர் ஆகவும் வாய்ப்பு இருக்கு, முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.

எனக்கு சாப்பாட்டுக்கப்புறம் ஏர்ற சுகர் நல்லாவே அடங்கியிருக்கு, பசியும் கொறஞ்சிருக்கு. தினம் ரெண்டு ஊசிங்கறதுதான் சலிப்பு. வாரத்துக்கு ஒரு தடவ போடற இதே குடும்பத்து மருந்துங்க இருக்கு, மாறலாமான்னு அடுத்த தடவ டாக்டர்கிட்ட கேக்கணும், அதுவரைக்கும் இதேதான்.