எக்ஸ் சர்வீஸ்மேன் சங்கம்: கொடியேத்த மட்டும்னு நெனச்சிருந்தேன்

5க்கு 4 ஸ்டார். ஒண்ண ஏன் குறைச்சேன்னு பின்னாடி சொல்றேன்.

மொதல்ல, இது கவர்மென்ட் ஆபீஸ் இல்ல. முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வேற (பெருசுங்க இன்னும் சோல்ஜர் போர்டுன்னுதான் சொல்வாங்க, மொத உலகப்போர் முடிஞ்ச கையோட 1919ல வெள்ளக்காரன் ஆரம்பிச்ச போர்டோட வாரிசு), இது வேற. 71 பாகிஸ்தான் சண்டைக்குப் போய்ட்டு வந்த அஞ்சாறு பேர் சேந்து ஆரம்பிச்சது, கட்டடம்லாம் அப்ப ஏது, ஒருத்தர் வீட்டுத் திண்ணைதான். பென்ஷன் லெட்டர் இங்கிலீஷ்ல வந்தா படிச்சு சொல்ல ஆள் வேணும்ல.

நானும் இவங்கள ஜனவரி 26க்கு மெடல் குத்திட்டு கொடியேத்துறவங்க, டிசம்பர் 7 கொடி நாளுக்கு உண்டியலோட வர்றவங்கன்னு மட்டும்தான் நெனச்சிருந்தேன். பெரியப்பா, மெட்ராஸ் ரெஜிமென்ட்ல ஹவில்தாரா இருந்து ரிட்டயர் ஆனவர், தவறினப்பதான் தெரிஞ்சுது. டிஸ்சார்ஜ் புக்ல (ரிட்டயர் ஆகும்போது ஆர்மி குடுக்குற சர்வீஸ் புக்) பெரியம்மா பேரு ஒரு மாதிரி, ஆதார்ல வேற மாதிரி. ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல 3000 ரூபா வாங்கிட்டு பேமிலி பென்ஷனுக்காக ஸ்பர்ஷ்ல (ஆர்மி பென்ஷனுக்கான வெப்சைட்) எதையோ ஏத்திவிட்டாங்க, ரெண்டு தடவையும் ரிஜெக்ட். சங்கத்துல ஒரு ரிட்டயர்டு சுபேதார், 80 கிட்ட இருக்கும், புக்க ரெண்டு பக்கம் பொரட்டிட்டு "ஏம்மா, பார்ட் டூ ஆர்டர்லயே (குடும்ப விவரத்த ஆர்மி ரெக்கார்ட்ல ஏத்துற உத்தரவு) பேரு தப்பா ஏறிருக்கு, இத வெலிங்டன் ரெக்கார்ட்ஸ்ல (ரெஜிமென்ட்டோட ரெக்கார்ட் ஆபீஸ்) திருத்தாம நீ நூறு தடவ ஏத்தினாலும் திரும்பித்தான் வரும்"னார். லெட்டரும் அவரே எழுதினார், நோட்டரி அபிடவிட்டுக்கு மட்டும் எங்கள அலைய விட்டார். நாலு மாசத்துல பேமிலி பென்ஷன் அரியரோட வந்துச்சு. 100 ரூபா மெம்பர்ஷிப் தவிர ஒரு பைசா வாங்கல.

ஈசிஎச்எஸ் கார்டு (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்), மிலிட்டரி கேன்டீன் கார்டுக்கும் ஹெல்ப் பண்றாங்க. விடியக்காலைல கிரவுண்டுல பசங்கள ஆர்மி செலக்‌ஷனுக்கு 1.6 கிலோமீட்டர் ஓடவிட்டு ஸ்டாப்வாட்ச் பிடிக்கிறாங்க, அதுவும் ஃப்ரீதான். 2022க்கு அப்புறம் அக்னிவீரா போனவங்க நாலு வருஷத்துல வெளிய வந்தா பென்ஷனும் இல்ல, எக்ஸ் சர்வீஸ்மேன் கணக்குலயும் வரமாட்டாங்க, அவங்கள மெம்பரா சேக்கலாமா வேணாமான்னு அங்க ஒரு சண்ட ஓடிட்டே இருக்கு, நான் போன அன்னிக்கே டேபிள தட்டித் தட்டிப் பேசிட்டு இருந்தாங்க. சேக்கணும்னுதான் எனக்குத் தோணுது, இல்லன்னா இன்னும் இருபது வருஷத்துல இந்த ரூம்ல யாரு உக்காருவா?

சரி, அந்த ஒரு ஸ்டார். ஆபீஸ் மாடில இருக்கு, கைப்பிடி கூட இல்ல, பெரியம்மா ஒவ்வொரு படிக்கும் நின்னு நின்னுதான் ஏறினாங்க. இன்னொண்ணு, வெயிட் பண்றவங்கள்ல பாதிப்பேர் விதவைங்க, ஆனா கமிட்டில ஒரு பொம்பள கூட கிடையாது. கேட்டா "அவங்களுக்கு எதுக்கும்மா இந்த அலைச்சல்"ங்கிறாங்க. அலையறதே அவங்கதான சார்!

ஞாயித்துக்கெழம மட்டும் தொறப்பாங்க, பத்து மணின்னா பத்து மணிதான். ஒரிஜினல் டிஸ்சார்ஜ் புக், பிபிஓ (பென்ஷன் ஆர்டர்), ஆதார் எல்லாம் ரெண்டு ரெண்டு ஜெராக்ஸ். புக்க மட்டும் லேமினேட் பண்ணி எடுத்துட்டுப் போயிடாதீங்க, எங்களுக்கு முன்னாடி நின்ன தம்பி அதுக்கு வாங்கின திட்டு கீழ ரோடு வரைக்கும் கேட்டுச்சு.