பெயர் உரிக்க 30 ரூபாய்

கும்பகோணத்தில் மகாமகக் குளத்தை ஒட்டிய சந்து ஒன்றில், பாத்திரக் கடைக்கும் வெற்றிலைக் கடைக்கும் நடுவே, ஜெர்சியில் பெயரும் எண்ணும் ஒட்டித் தரும் கடை இருக்கிறது. பெயர்ப் பலகை வெயிலில் வெளுத்துவிட்டது. எழுத்தைச் சூட்டில் அழுத்தி ஒட்டும் ஹீட் பிரஸ் இயந்திரம் கீச்சிடும் சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். திருப்பூர்த் துணியில் ஒரு ஜெர்சி 260 ரூபாய். பெயரும் எண்ணும் ஒட்ட 70. ஒட்டியதை உரிக்க 30. முதல் இரண்டுக்கும் எந்தக் கடைக்கு வேண்டுமானாலும் போகலாம். மூன்றாவதற்கு இங்கேதான் போக வேண்டும். எனக்கு அதில் அனுபவம் உண்டு.

2013 தொடக்கத்தில், நான் ரசிகனாக இருக்கும் ஜெர்மன் கால்பந்து கிளப்பான டார்ட்மண்ட் அணியின் மஞ்சள் ஜெர்சியோடு முதல்முறை போனேன். மாரியோ கோட்ஸே, எண் 10. தாளில் எழுதிக் கொடுத்த பெயரைப் படித்த கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “காந்தியைச் சுட்டவன் பெயரை முதுகில் போடப் போகிறீர்களா சார்?” ஜெர்மன்காரப் பையன் என்று விளக்கி, ஒட்டி வாங்கி வந்தேன். மூன்று மாதம்கூடப் போடவில்லை. ஏப்ரலில், ஐரோப்பிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் ரியல் மாட்ரிட்டைச் சந்திப்பதற்கு முதல் நாள், அதே ஜெர்மனியில் எங்கள் எதிராளியான பேயர்ன் மியூனிக் அவரை 37 மில்லியன் யூரோவுக்கு எடுத்துக்கொள்கிறது என்று செய்தி வந்தது. ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்த விடுவிப்புத் தொகை அது. கட்டினால் கிளப் மறுக்க முடியாது. அந்த ஆண்டு இறுதிப் போட்டியில் எங்களை 2-1 என்று தோற்கடித்ததும் அதே பேயர்ன்தான். அடுத்த ஆண்டு எங்கள் கோல் வீரர் லெவண்டோவ்ஸ்கி, ஒப்பந்தம் முடிந்து, ஒரு காசு வராமல் அங்கேயே போனார். 2016-இல் அணித்தலைவர் ஹம்மல்ஸும் போனார். நம் களத்து நெல்லை எதிராளி வீட்டுக் குதிரில் கொட்டிவிட்டு வருவதைப் போல. வேறு நாட்டுக்கு விற்றிருந்தால் இவ்வளவு எரிந்திருக்காது.

உரிக்கும் வேலையை நின்று பார்க்க வேண்டும். ஜெர்சியை உள்பக்கம் திருப்பி, இயந்திரத்தில் சில விநாடி சூடு காட்டுகிறார். எழுத்து வெட்டிய வினைல் பிளாஸ்டிக் இளகியதும் முதல் எழுத்தின் மூலையைச் சின்ன இடுக்கியால் நெம்பிப் பிடித்து, துணி இழுபடாமல், காயத்துக் கட்டைப் பிரிப்பதைப் போல மெதுவாக இழுக்கிறார். அவசரப்பட்டால் எழுத்து பாதியில் அறுந்து, பசை மட்டும் தங்கிவிடும். அவர் கையில் ஓர் எழுத்தும் அறுந்ததில்லை. ஆனாலும் கோட்ஸே இருந்த இடத்தில் மஞ்சள் கொஞ்சம் அடர்த்தியாக நின்றது. சுற்றியிருந்த துணி வெளுத்துவிட்டதே! ஹம்மல்ஸ் போன அதே 2016 கோடையில் கோட்ஸே திரும்பி வந்தார். மறுபடி ஒட்டட்டுமா என்று கடைக்காரர் கேட்டார். எனக்கு அவ்வளவு பெரிய மனது இல்லை.

அதற்குப் பிறகு எங்கள் ஊர்ப் பையன்களின் செவன்ஸ் (ஏழு பேர் ஆடும் கால்பந்து) அணிக்கும் இங்கேதான் எடுக்கிறேன். எங்கள் ஊர் வலங்கைமான் பக்கம். சம்பா அறுவடை முடிந்த வயல்தான் மைதானம். போன ஆண்டு எங்கள் ஏழாம் எண் பையனை ஆற்றுக்கு அக்கரை அணி கூட்டிக்கொண்டு போய்விட்டது. ஒரு ஜோடி பூட்ஸ், ஆட்டத்துக்கு 500 ரூபாய், இரவு புரோட்டா. பையன்மேல் எனக்குக் கோபமில்லை. அவன் அதுவரை அண்ணனின் கிழிந்த பூட்ஸில் ஆடியவன். ஆனால் ஒரு வீரர் நாடு விட்டு நாடு விற்கப்பட்டால், 12 வயது முதல் 23 வயது வரை அவரை வளர்த்த கிளப்புகளுக்கு அந்தத் தொகையில் 5 சதவீதம் பிரித்துத் தர வேண்டும் என்று ஃபிஃபா விதி இருக்கிறது. அக்கரையிலிருந்து எங்களுக்கு ஒரு பந்துகூட வரவில்லை. வந்தது ஜெர்சி மட்டும். அவன் அம்மா துவைத்து, மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

பேயர்னுக்குப் போன கோட்ஸே, 2013 நவம்பரில் டார்ட்மண்ட் மைதானத்தில் எங்களுக்கு எதிராக கோல் அடித்துவிட்டுக் கொண்டாடாமல் நின்றார். எங்கள் பையன் வரப்பு வரப்பாக ஓடிக் கொண்டாடினான்.

கடையின் குறைகளையும் சொல்ல வேண்டும். சொன்ன தேதிக்கு எதுவும் கிடைக்காது. வினைல் எண்கள் பத்துப் பன்னிரண்டு சலவையில் ஓரம் தூக்கிக்கொள்கின்றன. வெந்நீரில் முக்கினால் இன்னும் சீக்கிரம். ஒரு தடவை கோல்கீப்பரின் பெயரில் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டார், காசு வாங்காமல் திருத்தியும் கொடுத்தார். ஒட்டாமல் சாயத்தைச் சூட்டில் பதிக்கும் சப்ளிமேஷன் வேண்டுமென்றால் வேறு இடத்துக்கு அனுப்பித்தான் வாங்கித் தருகிறார், கூடுதலாக ஒரு வாரம் ஆகும். அதில் சாயம் பாலியஸ்டர் இழைக்குள்ளேயே இறங்கிவிடுவதால் உரிந்து வராது. நாமே நினைத்தாலும் உரிக்க முடியாது என்பதை யோசித்துக்கொண்டு சொல்லுங்கள்.

இந்த முறை ஏழாம் எண் ஜெர்சியை நீட்டியதும், “எண் இருக்கட்டும் சார், பெயரை மட்டும் எடுத்துவிடுகிறேன்” என்றார். புதுப் பெயர் ஒட்டவில்லை. ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தரலாம். பொங்கலுக்கு முந்தைய பத்து நாள் மட்டும் அந்தப் பக்கம் போகாதீர்கள். சுற்றுவட்டார அணிகள் எல்லாம் அங்கேதான் நிற்கும், அக்கரை அணி உட்பட.