கீலுக்குள் அறுந்த கம்பி

பொங்கல் முடிந்த சனிக்கிழமை பிற்பகல், தாம்பரத்தில் அம்மா வீட்டுக் கூடத்தில் மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தேன். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் காலை 10 மணிக்குத் தொடங்கும் எங்கள் தமிழ் வகுப்பு, குளிர்காலத்தில் இங்கே இரண்டரை மணிக்கு வரும். பதினோரு பிள்ளைகளும் திரையில் வந்துவிட்டார்கள், என் முகம் மட்டும் அவர்களுக்குக் கறுப்புக் கட்டமாகவே நின்றது. அன்றைய பாடம் லகர, ளகர, ழகர வேறுபாடு. ழகரத்துக்கு நாக்கு எங்கே வளைகிறது என்பதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, வாயைத் திறந்து காட்டித்தான் ஆகவேண்டும். அலைபேசியை டம்ளரில் சாய்த்து வைத்து ஒருவழியாக வகுப்பை முடித்தேன். ஆனால் எழுத்தை எழுதிக் காட்டும்போது முகம் தெரியவில்லை, முகத்தைக் காட்டும்போது எழுத்து தெரியவில்லை.

அன்றிரவே நான் பார்க்கக்கூடியதை எல்லாம் பார்த்துவிட்டேன். கேமராவின் மேல் தள்ளிவிடும் சிறு மூடி திறந்துதான் இருந்தது. விசைப்பலகையில் கேமராவை அணைக்கும் பொத்தானும், விண்டோஸ் தனியுரிமைப் பகுதியில் உள்ள அனுமதியும் சரியாக இருந்தன. கணினியோடு இணைந்த பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் மட்டும் கேமரா என்ற தலைப்பே காணவில்லை. மென்பொருள் கோளாறு என்றால் பெரும்பாலும் மஞ்சள் குறியோடு பெயராவது அங்கே நிற்கும். மடிக்கணினியில் பதித்த கேமராவும் உள்ளே யுஎஸ்பி வழியாகத்தான் இணைந்திருக்கிறது. திரையின் கீல் வழியாக ஓடும் மயிரிழை போன்ற கம்பிகளில் ஒன்று அறுந்தாலும், அப்படி ஒரு கேமரா இருப்பதே கணினிக்குத் தெரியாது. திரையைச் சற்றுப் பின்னால் சாய்த்தபோது, பென்டிரைவைச் செருகினால் வரும் அதே ஒலி கேட்டது. பட்டியலில் கேமராவின் பெயர் ஒரு நொடி தோன்றி மறைந்தது. மூன்று முறை சாய்த்துப் பார்த்தேன், மூன்று முறையும் அப்படித்தான்.

திங்கட்கிழமை வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள, கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும் வைத்த ஒரு கடைக்கு எடுத்துப் போனேன். திரையைச் சாய்த்தால் நடப்பதை வரவேற்பில் இருந்த பெண்ணிடம் விளக்கினேன். அவர் கணினியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "டிரைவர் பிராப்ளம் மேடம், ஃபார்மட் பண்ணிட்டா சரியாயிடும்" என்றார். ஃபார்மட் செய்யக்கூடாது என்று இரண்டு முறை அழுத்திச் சொன்னேன். அடுத்து பாஸ்வேர்டு கேட்டார். நான் சொல்லச் சொல்ல, அதைக் காகித டேப்பில் ஸ்கெட்ச் பேனாவால் கொட்டை எழுத்தில் எழுதி, என் கணினியின் மூடிமேலேயே ஒட்டினார். அவருக்குப் பின்னால் அலமாரியில் இருபதுக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் அதே டேப், அதே கொட்டை எழுத்து. பிள்ளைகளின் பெயர்களும் பிறந்த ஆண்டுகளும், ஒன்றில் ஒரு முருகன் பெயரும் நான் நின்ற இடத்திலிருந்தே படிக்கத் தெரிந்தன. வங்கிக் கணக்கும் குடும்பப் படங்களும் உள்ள ஒரு பெட்டியின் சாவியை ஊரே பார்க்கத் தொங்கவிடுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? ஸ்டுட்கார்ட்டில் விசைப்பலகை மாற்றக் கொடுத்தபோது, பழுது பார்ப்பவருக்கென்று தனியாக ஒரு கணக்கை உருவாக்கித் தந்தால் போதும் என்று அவர்களாகவே சொன்னார்கள். அதே யோசனை இங்கே எனக்கு உடனே வராமல் போனதற்கு இன்னும் வருந்துகிறேன்.

செவ்வாயன்று கேட்டால் "பாத்துக்கிட்டு இருக்கோம்", புதனன்று கேட்டால் "நாளைக்குக் கூப்பிடுங்க". வியாழனன்று, மதர்போர்டு போய்விட்டது, மாற்ற 14,500 ரூபாய் ஆகும் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லி, பார்த்ததற்கான கூலி 500 ரூபாயைக் கொடுத்துவிட்டு எடுத்து வந்தேன்.

வெள்ளிக்கிழமை, சென்னையில் மின்னணுச் சாமான் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். 1999ல் கல்லூரிப் புராஜெக்டுக்காக ரெசிஸ்டரும் ஐசியும் வாங்க மவுண்ட் ரோட்டில் பேருந்திலிருந்து இறங்கி நடந்த அதே தெரு. இப்போது கிண்டியில் மின்சார ரயிலை விட்டு மெட்ரோ ஏறினால் அரசினர் தோட்டத்தில் இறங்கி நடந்துவிடலாம். தெரு மட்டும் மாறவில்லை. மேலே பின்னிக் கிடக்கும் கம்பிகளும், நடக்க வழிவிடாத வண்டிகளும், சால்டரிங் புகையின் அந்த ஈய வாசமும் அப்படியே இருந்தன. அந்த வாசம் மூக்கில் ஏறியதுமே பாதிக் கவலை போய்விட்டது.

மாடிப்படிக்குக் கீழே நான்கடி அகலத்தில் ஒரு கடை. இருபத்தைந்து வயது இருக்கும் தம்பி ஒருவர் நான் சொன்னதை முழுதும் கேட்டார். பிறகு திரையை மெதுவாக முன்னும் பின்னும் அசைத்தார். ஒலி வந்தது. "கேபிள்தான் அக்கா" என்றார். மதர்போர்டு என்று சொன்னார்களே என்று கேட்டேன். அவர் கணினியைத் திருப்பி விளக்கின் கீழ் வைத்து, அடிப்பக்கத் திருகுகளைக் காட்டினார். ஒவ்வொரு திருகின் தலைப் பள்ளத்திலும் ஐந்தாண்டுத் தூசு பஞ்சுபோல் அடைந்து கிடந்தது. "தொறந்திருந்தா இது போயிருக்கணுமே அக்கா." நான்கு நாள் வைத்திருந்தவர்கள் ஒரு திருகைக்கூடக் கழற்றவில்லை. கழற்றாமலேயே 14,500 ரூபாய் சொல்லியிருக்கிறார்கள். தொகையைவிட அந்தத் தூசுதான் எனக்கு அதிகக் கோபத்தைத் தந்தது.

அதன்பிறகு நடந்ததை முக்காலியில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் பார்த்தேன். திருகுகளைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்தார். திரையைச் சுற்றியுள்ள சட்டத்தின் பசையைச் சூடான காற்றால் இளக்கி, பிளாஸ்டிக் தகட்டால் மூலை மூலையாக நெம்பினார். இடது கீலுக்குள் கேபிள் மடியும் இடத்தில் கறுப்பு உறை நசுங்கியிருந்தது, உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. கம்பி அறுபடாமல் இருந்தால் ஒலிக்கும் மல்டிமீட்டரின் இரு முனைகளையும் வைத்து ஒவ்வொரு கம்பியாகத் தொட்டார். ஒலித்துக்கொண்டே வந்த மீட்டர் ஒரு கம்பியில் மட்டும் ஊமையாக நின்றது. திரைக்குப் போகும் கம்பிகளும் அதே கேபிளில்தான் ஓடுகின்றன. ஆயிரத்துச் சொச்சம் கொடுத்து வெளியே மாட்டும் கேமரா ஒன்றை அதே தெருவில் வாங்கியிருந்தால், அடுத்த சில மாதங்களில் திரையே அணைந்திருக்கும் என்றார். புதுக் கேபிளுக்கு ஒரு வாரம் ஆகும், வேறு கணினியிலிருந்து கழற்றிய பழைய கேபிள் உடனே கிடைக்கும், எது வேண்டும் என்று கேட்டார். கேபிளில் இருந்த எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு ஓடிய பையன் இருபது நிமிடத்தில் திரும்பி வந்தான். கேபிள் 900 ரூபாய், கூலி 400 ரூபாய். ஜெர்மனியில் இதே வேலைக்கு முதலில் நேரம் குறிக்க வேண்டும், எழுத்தில் மதிப்பீடு வர வேண்டும். விசைப்பலகைக்கே மூன்று வாரம் ஆனது.

ஆனால் பில் கேட்டபோது, பில் போட்டால் பதினெட்டு சதவீதம் கூட வரும் என்று தயங்கினார். போடுங்கள் என்றேன். தேடி எடுத்த பில் புத்தகத்தில் கார்பன் தாள் இல்லை. கடைசியில் கடை அட்டையின் பின்புறம் 'ஒரு மாதம் கியாரண்டி' என்று எழுதிக் கொடுத்தார். இவ்வளவு நேர்த்தியான கைவேலை செய்பவர், அந்த வேலைக்குத் தன் பெயரில் ஒரு ரசீதும் தரவேண்டும். இதை அவரிடமே சொன்னேன், தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

சோதித்துப் பார்க்கும் நேரம் வந்தபோது அவர் கணினியை என் பக்கம் திருப்பி, "பாஸ்வேர்ட நீங்களே போடுங்க அக்கா" என்று முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டார். கேமரா விளக்கு எரிந்தது, திரையில் என் முகமும் பின்னால் மாடிப்படியும் தெரிந்தன. திரையை ஓரத்தைப் பிடித்துத் திறக்காமல் நடுவில் பிடித்துத் திறக்கச் சொன்னார். மூடிமேல் இன்னும் ஒட்டியிருந்த காகித டேப்பை நகத்தால் சுரண்டி எடுத்து, குப்பையில் போடாமல் என் கையில் கொடுத்தார். "இன்னிக்கே மாத்திடுங்க அக்கா." மெட்ரோவில் உட்கார்ந்ததும் மாற்றினேன்.

மறுநாள் இரண்டரை மணிக்குத் திரையை நடுவில் பிடித்துத் திறந்தேன். வாழைப்பழம் என்று சொல்லிக் காட்டி, நாக்கு நுனி மேலே தொடாமல் வளைவதைக் கேமராவுக்கு அருகில் வந்து காட்டினேன். வகுப்பிலேயே சின்னவள், ஏழு வயது, தன் கேமராவை வாயால் மூடிவிடும் அளவுக்கு நெருங்கி வந்து, "இப்ப தெரியுதா டீச்சர்?" என்று கேட்டாள்.