கணுக்காலுக்கு எது காவல்: டேப்பா, பிரேஸா, உயரக் காலணியா?

பினாங்குக் கொடிமலையில், மூன் கேட்டில் தொடங்கி 84-ஆம் நிறுத்தத்துக்குப் போகும் பாதையில் ஏறும்போது மூச்சுதான் வாங்கும். கால் பிசகுவது இறங்கும்போது. இரவில் மழை பெய்திருந்தால் கொடிமலையின் செம்மண் சோப்புக் கட்டியாகிவிடும். கருங்கல்லில் பாசி, அதன் மேல் சருகு, சருகுக்கு அடியில் வேர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு வேரின் முதுகில்தான் என் இடது பாதம் இறங்கியது. உள்ளங்கால் உள்பக்கம் புரண்டு, உடம்பின் எடை முழுவதும் வெளிக்கணுவில் விழுந்தது. ஈரத்துணியைக் கிழித்தது போன்ற அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஆறு மாதம் கழித்துத் தெலுக் பஹாங் தேசியப் பூங்காவில், பந்தாய் கெராச்சுட் கடற்கரைக்கு இறங்கும் வழியில், அதே கால் மறுபடியும் பிசகியது.

இரண்டாவது தடவைக்குப் பிறகு ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். டேப் சுற்று என்றார் ஒருவர். பிரேஸ், அதாவது கணுக்காலைத் தாங்கும் கவசம், மாட்டினால் கால் சோம்பேறியாகிவிடும் என்றார் இன்னொருவர். கணுவை மூடும் உயரமான காலணி வாங்கு என்றார் மூன்றாமவர். எல்லாவற்றையும் இதே பாதைகளில் மாறி மாறிப் போட்டு ஓடிப் பார்த்தேன், ஆய்வுகளையும் தேடிப் படித்தேன்.

இறங்கும்போது ஏன் பிசகுகிறது என்று தெரிந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். பாதம் மேல்நோக்கி மடங்கியிருக்கும்போது கணுக்கால் எலும்புகள் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தி இறுகி நிற்கும். விரல்கள் கீழ்நோக்கி நீளும்போது அந்தப் பொருத்தம் தளர்ந்து, மூட்டைப் பிடித்து நிறுத்தும் வேலை வெளிக்கணுவின் தசைநார்கள் மேல் விழுகிறது. அவற்றில் முன்னால் இருப்பதுதான் மெலிந்தது. பெரும்பாலும் முதலில் கிழிவதும் அதுவே. ஒரு முறை கிழிந்த தசைநார் ஆறினாலும் பழைய இறுக்கம் முழுமையாகத் திரும்புவதில்லை. அதோடு, பாதம் எந்தச் சாய்வில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகளும் மந்தமாகிவிடுகின்றன. ஆகவே கணுக்காலுக்கு வேண்டிய உதவி இரண்டு: புரளாமல் பிடிப்பது, புரளப் போவதை நேரத்தோடு உணர்த்துவது. எந்தப் பொருளையும் இந்த இரண்டு கேள்விகளோடுதான் பார்க்க வேண்டும்.

மருந்துக்கடையில் தொங்கும் எலாஸ்டிக் உறை முதல் கேள்வியிலேயே தோற்றுவிடுகிறது. தோலை அழுத்துவதால் கணுக்கால் அங்கே இருக்கிறது என்ற நினைவு வருகிறது, வீக்கத்துக்கும் இதமாக இருக்கிறது. ஆனால் உறையைப் போட்டுக்கொண்டே பாதத்தை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள், முழுதாகத் திரும்பும். கையால் மெதுவாகத் திருப்பியதையே தடுக்காத துணி, ஓடும் உடம்பின் எடையைத் தடுக்காது.

உயரமான காலணியிடம் நான் அதிகம் எதிர்பார்த்தேன். 1993-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 622 கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டக்காரர்களுக்கு உயரக் காலணியும் தாழ்ந்த காலணியும் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். சுளுக்கில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஓடுவதற்கென்று செய்யப்படும் காலணியின் கழுத்து மென்மையாகத்தான் இருக்கும். கடினமாக்கினால் ஓட முடியாது. நம் ஊர் வெப்பத்தில் அந்தக் கழுத்து வியர்வையைக் குடித்துக் கனத்தும் போகிறது. காலணியில் பார்க்க வேண்டியது வேறு. அடிப்பகுதி எவ்வளவு தடிமன்? நுரை உயர உயரப் பாதம் தரையிலிருந்து விலகுகிறது; விளிம்பில் சரிந்தால் புரட்டும் விசை கூடுகிறது. தார்ச்சாலையில் சுகமாக இருந்த என் தடித்த நுரைக் காலணி, வேர்கள் நிறைந்த பாதையில் முக்காலி மேல் நிற்பது போல ஆடியது. தாழ்ந்த அடிப்பகுதி, ஆழமான பற்கள், குதிகாலை இறுகப் பிடிக்கும் பின்பகுதி ஆகிய மூன்றும் போதும். கடைசித் துளையில் கயிற்றை வளையமாக்கி, அதற்குள் எதிர்ப்பக்கக் கயிற்றை நுழைத்துக் கட்டினால், செலவில்லாமல் குதிகால் அசையாது நிற்கும்.

இனி உண்மையான போட்டி டேப்புக்கும் பிரேஸுக்கும்தான்.

டேப் என்று நான் சொல்வது துத்தநாக ஆக்ஸைடு பசை தடவிய, இழுத்தால் நீளாத வெள்ளை டேப். வண்ண வண்ணமாக விற்கும் இழுபடும் டேப் வேறு; அது உறையின் தம்பி. வெள்ளை டேப்பைச் சரியாகச் சுற்றக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு மாதம் ஆனது. நாற்காலியில் உட்கார்ந்து, பாதத்தைத் தொண்ணூறு பாகையில் நிறுத்தி, கணுவுக்கு மேலே ஒரு வளையம் போட வேண்டும். அதில் தொடங்கி உட்கணு வழியாகக் குதிகாலுக்கு அடியில் போய், வெளிக்கணு வழியாக மேலே இழுத்து ஒட்ட வேண்டும். திசை மாறிவிட்டால் பாதத்தை நாமே உள்பக்கம் இழுத்து வைத்தது போலாகிவிடும். இப்படி மூன்று பட்டைகள், பிறகு குதிகாலைப் பூட்டும் இரண்டு சுற்றுகள். ஒரு சுருக்கம் விழுந்தாலும் ஐந்தாம் கிலோமீட்டரில் அங்கே கொப்புளம் இருக்கும்.

சரியாகச் சுற்றிய டேப்புக்கு இணையாகக் காலோடு பொருந்தும் பொருள் வேறில்லை. காலணிக்குள் இடம் பிடிக்காது, முதல் கால் மணி நேரம் கணுக்கால் புதிதாகப் பிறந்தது போல இருக்கும். குறை அதற்குப் பிறகுதான் தெரியும். பத்து நிமிடக் கடும் பயிற்சியிலேயே டேப்பின் பிடிமானம் சுமார் 40 விழுக்காடு குறைந்துவிடுவதாக 1962-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று சொன்னது. பினாங்கின் ஈரக்காற்றில் என் அனுபவமும் அதுதான். 84-ஐ அடையும்போது வியர்வை டேப்புக்கு அடியில் நுழைந்திருக்கும். அங்கிருந்து இறங்கத் தொடங்கும்போது, காவல் மிகத் தேவைப்படும் நேரத்தில், அது தளர்ந்திருக்கும். தளர்ந்த பிறகும் தோலை இழுத்து எச்சரிக்கும் வேலையை ஓரளவு செய்யும். ஆனால் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சுற்ற வேண்டும், ஒரு சுருள் சில முறைக்கே வரும். வாரம் மூன்று நாள் ஓடுகிறவருக்குக் காசும் கரையும், தோலும் புண்ணாகும்.

பிரேஸில் இரண்டு வகை. இருபுறமும் பிளாஸ்டிக் தகடு வைத்தது பக்கவாட்டில் நன்றாகத் தாங்கும். ஆனால் ஓட்டக் காலணிக்குள் தகடு முட்டும், கல்லில் உரசும். அது கைப்பந்துத் திடலுக்குப் பொருத்தம். மலைக்கு நான் தேர்ந்தெடுத்தது கயிறு கட்டும் வகை: தடித்த துணி, முன்பக்கம் கயிறு, அதற்கு மேல் எட்டு வடிவத்தில் சுற்றிவரும் இரண்டு பட்டைகள். உள்ளே கட்டாயம் காலுறை வேண்டும். வலக்காலுக்குச் சரியாக இருக்கும் காலணி இடக்காலுக்கு இறுகும். அதனால் அரை அளவு பெரிதாக வாங்கினேன். முதல் இரண்டு வாரம் கணுக்காலின் முன்மடிப்பில் உரசிச் சிவந்தது. இவை எல்லாம் உண்மையான தொல்லைகள். ஆனால் இறங்குவதற்கு முன் 84-இல் ஒரு நிமிடம் குனிந்து பட்டைகளை மீண்டும் இழுத்து இறுக்கலாம். டேப்பில் இது முடியாது. எனக்கு முடிவைத் தந்தது இந்த ஒரு நிமிடம்தான்.

ஆய்வுகளும் பிரேஸின் பக்கம் வலுவாக நிற்கின்றன. அமெரிக்காவில் 1,460 உயர்நிலைப்பள்ளிக் கூடைப்பந்து ஆட்டக்காரர்களிடம் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், கயிறு கட்டும் பிரேஸ் அணிந்தவர்களுக்குக் கணுக்கால் காயம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆனால் காயம் பட்டவர்களுக்கு அதன் கடுமை குறையவில்லை. கால் சோம்பேறியாகும் என்ற அச்சத்துக்கும் பதில் இருக்கிறது: 8 வாரம் தொடர்ந்து அணிந்தவர்களைச் சோதித்தபோது, புரளும் காலை மீட்கும் தசையின் வேகம் குறையவில்லை.

பயிற்சியை மறந்துவிட்டு இந்த ஒப்பீட்டை முடிக்க முடியாது. நெதர்லாந்தில் சுளுக்கிலிருந்து தேறிய 522 பேரிடம் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், வீட்டிலேயே 8 வாரம் சமநிலைப் பயிற்சி செய்தவர்களில் 22 விழுக்காட்டினருக்கு ஓராண்டுக்குள் மீண்டும் சுளுக்கியது. செய்யாதவர்களில் 33 விழுக்காட்டினருக்கு. அதே நாட்டில் 2014-இல் வெளியான இன்னோர் ஆய்வு பயிற்சியையும் பிரேஸையும் நேருக்கு நேர் நிறுத்தியது. மீண்டும் சுளுக்கியவர்கள் பயிற்சி மட்டும் செய்தோரில் 27 விழுக்காடு, ஓராண்டு பிரேஸ் அணிந்தோரில் 15 விழுக்காடு, 8 வாரம் மட்டும் இரண்டையும் செய்தோரில் 19 விழுக்காடு. ஓராண்டு விடாமல் அணிந்த பிரேஸ் முந்தியிருக்கிறது. இருந்தாலும் நான் பயிற்சியை விடவில்லை. மந்தமான உணர்வைக் கூர்மையாக்குவது அதுதான். பிரேஸ் இல்லாமல் படியிறங்கும் நாள்களுக்கும் அதுதான் துணை. காலையில் பல் துலக்கும்போது இடக்காலில் மட்டும் நிற்கிறேன். அது எளிதானதும் மடித்த மெத்தையின் மேல், பிறகு கண்ணை மூடிக்கொண்டு. கண்ணை மூடியதும் பாதத்தின் வெளிவிளிம்பு கிடுகிடுவென நடுங்கும். அந்த நடுக்கம் வலக்காலில் இருக்கும் அளவுக்குக் குறைய எனக்கு நான்கு மாதம் ஆனது.

ஆகவே கடந்த ஓராண்டுக்குள் சுளுக்கு கண்டவர் மலைப்பாதைக்குக் கயிறு கட்டும் பிரேஸைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்பேன். போட்டி நாளில் ஒரு மணி நேரத்துக்குள் முடியும் ஓட்டமாகவும், சுற்றத் தெரிந்த கை அருகிலும் இருந்தால் டேப். ஒரு தடவையும் சுளுக்காதவருக்கு இரண்டும் வேண்டாம். தாழ்ந்த காலணியும் ஒற்றைக்கால் பயிற்சியும் போதும்.

கால் பிசகிய அன்றே இவற்றில் எதையும் மாட்டிக்கொண்டு ஓடக் கூடாது. முதல் தடவை பக்கத்து வீட்டு அத்தை, "உட்காரும்மா, தைலம் போட்டு உருவிவிடுகிறேன், இல்லாவிட்டால் இரத்தம் கட்டிக்கொள்ளும்" என்று அன்போடு அழைத்தார். புதிய காயத்தை அழுத்தி உருவினால் வீக்கம் கூடும். அவரிடம் தைலத்தை வாங்கிக்கொண்டு, காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்தேன். நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றாலோ, கணு எலும்பின் பின்விளிம்பை அழுத்தும்போது எலும்பிலேயே வலித்தாலோ, அன்றே எக்ஸ்ரே எடுத்துவிட வேண்டும்.

பிரேஸ் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. ஒட்டும் பட்டைகளின் (வெல்க்ரோ) கொக்கிகளில் செம்மண் சேறு ஏறிக் காய்ந்தால் மூன்றே மாதத்தில் பிடிப்பு போய்விடும். ஓடி வந்ததும் பழைய பல்துலக்கியால் கொக்கிகளைத் தேய்த்துக் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். இறுக்கிய பட்டை தானாகக் கழலத் தொடங்கினால் புதியது வாங்குங்கள்.